சரியாக இருந்த வரிகள்

ஒரு பெண் சரியாக எழுதிய ஆங்கில வரிகளைத் தவறு என்று சொல்லிச் சிவப்புக் கோடு போட்டு அடித்தேன். தெரியாமல் அல்ல, தெரிந்தே செய்தேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, முப்பத்தாறு நாள். அதனால் அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வந்த பதவி உயர்வு கைநழுவிப் போனது. என் வயதையும் படிப்பையும் முதலில் சொல்லிவிட்டு இதைக் கடைசியில் சொன்னால், படிப்பவர்கள் பாதி மன்னித்த பிறகுதான் இங்கே வந்து சேர்வார்கள். அந்த வித்தை எனக்குத் தெரியும். அரசு அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் விளக்கக் கடிதங்கள் எழுதிய கை இது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, காலையில் பேருந்து நிலையம் வரை நடந்து போய் டீ குடித்துவிட்டு, அங்கிருக்கும் ஜெராக்ஸ் கடையில் கொஞ்ச நேரம் உட்காருவது வழக்கம். ஆங்கில விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது திகைத்து நின்றால் கடைக்காரர், "சார்கிட்ட குடுங்க, ஒரு நிமிசத்துல எழுதிடுவாரு" என்பார். நான் எழுதிக் கொடுப்பேன். கைமாறு எதுவும் வாங்கியதில்லை. கடைக்காரர் சொல்லும் அந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தக் கடையில்தான் பாய் என்னைப் பிடித்தார். கடைத்தெருவில் தையல் சாமான் கடை வைத்திருப்பவர். பட்டன், நூல், ஜிப் எல்லாம் அவருக்குப் பெங்களூரிலிருந்து வரும். அங்கிருக்கும் வியாபாரிகள் ஆங்கிலத்திலேயே செய்தி அனுப்புவார்களாம்.

"எல்லாத்துக்கும் ஓகே ஓகேன்னே எத்தினி நாளைக்கு சார் அனுப்பறது? போன வாரம் கறுப்பு பட்டன் கேட்டா பச்சை பட்டன் அனுப்புறேன்னானாம். அதுக்கும் ஓகேன்னுட்டேன். மூட்டை மூட்டையா பச்சை பட்டன் வந்து எறங்குது."

அவரைப் போலவே, ஆங்கிலம் எழுதப் பழக வேண்டும் என்று நினைத்தவர்கள் இருபத்தைந்து பேர் சேர்ந்தார்கள். கடைக்காரர்கள், ஒரு ஆட்டோ ஓட்டுநர், சுகாதார நிலையத்தில் வேலை செய்யும் ஒருவர், தையல் கம்பெனிக்குப் போகும் பெண்கள் சிலர். பாய் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார். திருத்துவதற்கு நான்.

விதிகளை நான்தான் எழுதினேன். ஒவ்வொருவரும் தினமும் தன் நாளைப் பற்றி ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். போனில் தட்டக் கூடாது. கோடு போட்ட நோட்டில் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்தப் படத்தின் மேலேயே நான் சிவப்பில் திருத்தி அனுப்புவேன். மறுநாள் காலை, திருத்திய வரிகளை மூன்று முறை எழுதி மறுபடியும் படம் அனுப்ப வேண்டும். கடைசி விதி: திருத்தத்தை எதிர்த்துக் கேள்வி கேட்கக் கூடாது. வாக்குவாதத்தில் நாள் வீணாகிறது என்று அதற்குக் காரணம் சொன்னேன். எல்லாரும் சரி என்றார்கள். பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது இந்தப் பக்கத்து மனிதர்களின் இயல்பு. அந்த இயல்பின் மேல்தான் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் முதலில் சொன்ன அந்த அம்மா ஆடி மாதம் குழுவுக்கு வந்தார். சித்தேரி மலைக்குப் போகும் வழியில் ஒரு சிற்றூர். தருமபுரி பக்கத்துத் தையல் கம்பெனியில் பதினாறு வருடமாக மிஷினில் உட்கார்ந்திருப்பவர். விடியும்போதே மெயின் ரோட்டுக்கு வந்து கம்பெனி பஸ் ஏறுவார். பத்தாம் வகுப்பு வரை படித்திருந்தார். சேர்ந்த அன்று எனக்குப் போன் செய்தார்.

"வணக்கங்க சார். உங்க நேரத்தை எடுத்துக்கறதுக்கு மன்னிச்சுக்கோங்க. கம்பெனியில லைன் சூப்பர்வைசருக்கு ஆள் எடுக்கறாங்க. எங்களுக்குள்ளயே எடுக்கறாங்க. வேலையெல்லாம் எனக்கு அத்துப்படிங்க. ஆனா தெனமும் பெங்களூரு ஆபீசுக்கு அஞ்சாறு வரி இங்கிலீசுல எழுதி அனுப்பணும். அதுக்கு ஒரு பரீட்சை வெக்கறாங்க, ஐப்பசியில."

"நல்லதும்மா. எழுதுங்க, பார்க்கலாம்."

"இந்த ஒரு வாட்டிதாங்க சார் எனக்கு. நாப்பது வயசு முடிஞ்சா எடுக்க மாட்டாங்க. கார்த்திகை வந்தா எனக்கு நாப்பது முடியுதுங்க."

இதை நான் கேட்டேன். காது நன்றாகக் கேட்கும் நாளில், கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தெளிவாகக் கேட்டேன்.

அவருடைய முதல் ஐந்து வரி இன்னும் நினைவில் இருக்கிறது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: காலையில் பஸ்ஸில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே போனேன். என் முன்னால் உட்கார்ந்திருந்தவள் தூங்கிக்கொண்டு வந்தாள். அவளை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. கம்பெனி வந்ததும் எழுப்பினேன்.

பிழைகள் இருந்தன. ஆனால் படித்ததும் அந்த பஸ் கண்ணுக்குத் தெரிந்தது. மற்றவர்கள் காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், சாப்பிட்டேன் என்றே தினமும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பாய் இரண்டு வாரம் பச்சைப் பட்டனைப் பற்றியே எழுதினார். இந்த அம்மா மட்டும் தினம் ஒரு விஷயத்தைப் பார்த்து எழுதினார். ஒரு மாதத்தில் பிழைகள் பாதியாகக் குறைந்தன. அப்போது நான் ஒழுங்காகத்தான் திருத்தினேன். அதையும் சொல்ல வேண்டும்.

ஆவணி கடைசியில் குழுவில் ஒரு யோசனை வந்தது. எங்கள் ஊரிலிருந்து தருமபுரிக்குக் காலையில் இன்னொரு பஸ் விடச் சொல்லி மனு கொடுக்கலாம். நான் ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன் என்றேன். இரண்டு பக்க மனுவை எழுதி, "மாதிரிக் கடிதம், எல்லோரும் பார்த்துக் கற்றுக்கொள்ளவும்" என்று குழுவில் போட்டேன். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் செய்தி வந்தது.

"சார், ஒரு சந்தேகங்க. நம்மூருக்குத்தானே பஸ் கேக்கறோம்? மூணாவது பாராவுல அரூர்னு இருக்குதுங்களே."

இருந்தது. எப்போதோ அரூருக்காக எழுதப்பட்ட ஒரு பழைய மனுவின் நகலைப் பார்த்து எழுதியிருந்தேன். இரண்டு இடத்தில் ஊர்ப் பெயரை மாற்றியவன் மூன்றாவது இடத்தில் மாற்ற மறந்துவிட்டேன்.

சிரிப்புப் படங்கள் வந்தன. "சார் அரூருக்கு பஸ் வுட்டுட்டாருங்க" என்று ஆட்டோக்காரர் எழுதினார். "நம்ம எல்லாம் அரூர் போயி பஸ் ஏறிக்கலாம்" என்றார் ஒருவர். பாய், "பாத்தீங்களா சார், நான் பச்சை பட்டனுக்கு ஓகே சொன்ன மாதிரி" என்று எழுதினார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நானும் ஒரு சிரிப்புப் படம் போட்டேன். போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்று முழுவதும் அதைத் தொடவில்லை.

ஒரு சிறு மறதிக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். அது மறதி மட்டும் அல்ல. முப்பத்து மூன்று வருடத்தில் நான் சொந்தமாக ஒரு ஆங்கில வாக்கியம் எழுதியதில்லை. பழைய கோப்பை எடுப்பேன், பெயரையும் தேதியையும் ஊரையும் மாற்றுவேன், அதிகாரிகள் கையெழுத்துப் போடுவார்கள். படித்தவன் என்று பெயர். படித்தேன், உண்மைதான். ஆனால் எனக்கு வந்ததெல்லாம் பார்த்து எழுதுவது. இது என் மனைவிக்குக்கூடத் தெரியாது. அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்காது. அரூர் என்ற ஒரு சொல்லைத்தான் அவர் பார்த்தார். எனக்கோ அவர் என் அலமாரியையே திறந்து பார்த்துவிட்டது போல இருந்தது. பத்தாம் வகுப்புப் படித்து, மிஷினில் உட்காரும் ஒருவர், கோப்பு எதுவும் இல்லாமல் தினமும் ஐந்து வரி எழுதுகிறார். அது எனக்கு வராது என்பதும் அந்த ஒரு மாதத்தில் எனக்குத் தெரிந்துபோயிருந்தது.

மறுநாள் அவர் எழுதி அனுப்பியது இது: மிஷினில் நூல் அறுந்தது. மெக்கானிக்கிடம் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். நான் சும்மா இருக்கவில்லை, பக்கத்துப் பெண்ணுக்குத் துணியை மடித்துக் கொடுத்தேன். பிறகு மிஷின் ஓடியது.

ஐந்து வரியும் சரி. அவர் அனுப்பியதில் பிழையே இல்லாத முதல் பக்கம் அதுதான். நான் ஐந்தையும் அடித்தேன். மேலே சிவப்பில் என் கோப்பு மொழியில் எழுதினேன். அதைத் தமிழில் சொன்னால், மேற்படி இயந்திரத்தில் நூல் அறுபட்டமை உரியவரின் மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்பட்டு, தக்க நடவடிக்கை எதிர்நோக்கப்படுகிறது என்ற மாதிரி வரும். கடைசி வரியை வேண்டுமென்றே கெடுத்தேன். ஓடிய மிஷினை இனிமேல் ஓடும் என்று மாற்றினேன். கீழே, "குழந்தைகள் எழுதுவது போல் இருக்கிறது, கவனம் தேவை" என்றும் எழுதினேன்.

மறுநாள் காலை, அந்த வரிகளை மூன்று முறை அழகாக எழுதிப் படம் அனுப்பியிருந்தார். "நன்றிங்க சார்" என்று கீழே ஒரு வரி.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். அந்த நன்றியைப் பார்த்து எனக்கு வெட்கம் வரவில்லை, ஒரு நிம்மதிதான் வந்தது. தினமும் செய்தேன். எல்லா வரியையும் அல்ல. மூன்றை அடிப்பேன், இரண்டை விடுவேன். சில நாள் பிழை இருக்கும் வரியை விட்டுவிட்டுச் சரியாக இருப்பதை அடிப்பேன். சந்தேகம் வராமல் செய்யும் அளவுக்கு அலுவலகப் பழக்கம் இருந்தது. பாய் ஒருமுறை என்னிடம் தனியாகக் கேட்டார்.

"சார், அந்தம்மா எழுதுறது எனக்கு படிச்சாலே புரிஞ்சிச்சு. இப்ப புரிய மாட்டேங்குதே. ரொம்ப ஒசந்த இங்கிலீசா ஆயிடுச்சோ?"

"பரீட்சைக்கு எழுதறவங்க பாய். உங்க மாதிரி பட்டன் வாங்கவா எழுதறாங்க?"

"அது சரி சார். நமக்கு பட்டன் போதும்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஐப்பசியில் பரீட்சை நடந்தது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்பு நான் அவரை நேரில் பார்த்ததில்லை. கையில் ஒரு பை நிறைய சீத்தாப்பழம். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"கெடைக்கலைங்க சார்."

பையை நாற்காலியின் மேல் வைத்தார்.

"பரீட்சையில, முந்தின நாள் வேலையில வந்த ஒரு பிரச்சினையை எழுதுன்னாங்க. நூல் அறுந்ததை எழுதலாம்னு, நீங்க திருத்திக் குடுத்தீங்களே, மூணு தரம் எழுதுனது மனப்பாடமா இருந்துச்சு, அதையே எழுதுனேன். படிச்சிட்டு பரீட்சை வெச்ச மேடம் கேட்டாங்க, ஏம்மா, கடைசியில மிஷின் ஓடுச்சா, இல்ல இனிமேதான் ஓடப்போவுதான்னு. எனக்கு தமிழ்லகூட பதில் சொல்ல வாய் வரலைங்க. நான்தான் எங்கியோ மாத்தி எழுதிட்டேன் போல. அவ்வளவு சொல்லிக் குடுத்தும் உங்க பேரைக் கெடுத்துட்டேங்க சார்."

என் மனைவி உள்ளேயிருந்து வந்து, "அதுக்கென்னம்மா பண்றது, நின்னுக்கிட்டே பேசறீங்களே, காப்பி குடிங்க" என்றாள். அந்த அம்மா மறுத்துவிட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"பரவாயில்லம்மா. அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

"அடுத்த தடவை இல்லீங்களே சார்" என்றார். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துத்தான் சொன்னார். குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. போய்விட்டார். அன்றே குழுவிலிருந்தும் விலகினார். சீத்தாப்பழம் நன்றாகப் பழுத்திருந்தது. வயிறு சரியில்லை என்று சொல்லி நான் தொடவில்லை. மனைவி நான்கு நாள் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு நாலு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்களின் வரிகளை ஒழுங்காகத் திருத்திக்கொண்டிருந்தேன். மாசியில் ஒரு நாள் போனில் இடம் இல்லை, படங்களை அழிக்கவும் என்று வந்தது. கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனேன். குழுவின் படங்கள் எல்லாம் அதில் இருந்தன. அந்த அம்மாவின் பக்கங்கள் வந்ததும் கை நின்றது. வரிசையாகப் பார்த்தேன். ஆடியில் எழுத்துகள் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் தயங்காமல் ஓடின. புரட்டாசிக்கு வந்தபோது ஒவ்வொரு வரியிலும் ரப்பர் போட்டு அழித்த தடம். பேனாவில் எழுதிக்கொண்டிருந்தவர் பென்சிலுக்கு மாறியிருந்தார், அழிப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று. கடைசி வாரத்துப் படங்களில் ஐந்து வரி இல்லை. மூன்று, இரண்டு. கடைசிப் பக்கத்தில் ஒரே வரிதான் இருந்தது. ஓரிடத்தில் அழித்து அழித்துத் தாள் கிழிந்திருந்தது.

நான் கெடுத்தது பரீட்சையை மட்டும் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

ஒரு புது நோட்டு வாங்கினேன். முப்பத்தாறு நாளின் வரிகளையும் அவர் முதலில் எழுதியபடியே ஒரு பக்கம் எழுதினேன். எதிர்ப் பக்கத்தில் பச்சை மையில், இது சரி, இதில் இந்தச் சொல் மட்டும் மாற வேண்டும், இதை நான் வேண்டுமென்றே கெடுத்தேன் என்று ஒவ்வொன்றுக்கும் குறித்தேன். எட்டு நாள் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவர் ஊருக்குப் போனேன்.

வாசலில் கம்பெனிச் சீருடையைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா பதறிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"வாங்க சார், உக்காருங்க. இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

நோட்டைக் கொடுத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பிரித்தார். கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு விரலை ஒரு வரியில் வைத்தார்.

"இது மொதல்லயே சரியாத்தான் இருந்துச்சுங்களா?"

"ஆமாம்மா."

"இது?"

"அதுவும்."

"இதுங்க?"

"அதுவும் சரிதான்."

ஆறு பக்கம் இப்படியே கேட்டார். ஏழாவது பக்கத்தில் விரல் நின்றது.

"தெரியாம பண்ணிட்டீங்களா சார்?"

"தெரிஞ்சுதாம்மா பண்ணினேன்."

"அரூர்னு கேட்டதுக்கா?"

"ஆமாம்."

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். மாமியார் கீரையை விட்டுவிட்டு, "யாருடி அவரு, என்னா சொல்றாரு?" என்றார்.

"ஒன்னுமில்லீங்க அத்தை. நான் எழுதுனதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சாம். அதைச் சொல்லிட்டுப் போக வந்திருக்காரு."

கம்பெனிக்குப் போய் நானே சொல்கிறேன், பொறுப்பு என்னுடையது என்று எழுதித் தருகிறேன் என்றேன். "போங்க" என்றார். அவ்வளவுதான். வழியனுப்ப எழுந்திருக்கவில்லை.

போனேன். கம்பெனி வாசலில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, பிறகு உள்ளே விட்டார்கள். பரீட்சை நடத்திய அதிகாரி என் பேத்தி வயதுப் பெண். பொறுமையாக முழுவதும் கேட்டார்.

"எனக்கு அவங்களை நல்லா ஞாபகம் இருக்குது சார். வேலை தெரிஞ்சவங்க. ஆனா அந்தப் போஸ்ட்டுக்கு வேற ஆள் வந்து சேர்ந்தாச்சு. இனிமே போட்டாலும் வயசு தாண்டிடுச்சு, கம்ப்யூட்டர்லயே எடுக்காதுங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஐப்பசியிலயே வந்து சொல்லியிருந்தா நான் இன்னொரு தடவை எழுத வெச்சிருப்பேன்" என்றார்.

ஐப்பசியில் நான் வீட்டில்தான் இருந்தேன். சீத்தாப்பழத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

குழுவிலும் ஒப்புக்கொண்டு எழுதிப் போட்டேன். வந்த பதில்கள் என்னை இன்னும் கீழே தள்ளின. "பெரிய மனசு சார் உங்களுக்கு", "இந்த வயசுல இப்படி ஒத்துக்க யாருக்கு வரும்" என்று கைகூப்புப் படங்கள் வந்தன. சாயங்காலம் பாய் கூப்பிட்டார்.

"சார், பாத்தீங்களா, எல்லாரும் உங்களைத்தான் பாராட்டறாங்க. அந்தம்மா எப்படி இருக்காங்கன்னு ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. நான் அன்னைக்கு சிரிச்சதும் ஒரு காரணமா சார்?"

"இல்ல பாய். நீங்க சிரிச்சீங்க, அவ்வளவுதான்."

"சரி. நான்தானே அட்மின். உங்களை எடுத்துடறேன். தப்பா நெனைக்காதீங்க."

நினைக்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தார்.

கம்பெனியில் நடந்ததைப் போனில் அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எனக்கு ஒன்னு செய்வீங்களா சார்?"

"சொல்லும்மா."

"நீங்க சொன்னதை ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க. தமிழ்ல. எங்க வூட்டுக்காரரு லாரி ஓட்டறாரு. வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வூட்ல இருப்பாரு. பரீட்சை போனதுல இருந்து என்னை பேரு சொல்லிக் கூப்புடறதில்லீங்க. என்ன இங்கிலீசு, சோறு ஆச்சா? இங்கிலீசு, துணி தொவைச்சாச்சா? அப்புடித்தான். தொப்பூர் கணவாயில வண்டி நின்னுபோனா அங்கேருந்து போன் பண்ணி, இங்கிலீசுல ஒரு லெட்டர் எழுதேன், வண்டி கெளம்புதான்னு பாக்கலாம்னு சிரிக்கறாரு. பக்கத்துல நாலு டிரைவருங்க சிரிக்கற சத்தம் கேக்குது. அவரு கையில குடுக்கணுங்க."

எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. மறுநாள் சாயங்காலம் மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் நின்று கொடுத்தேன். அங்கேயே நின்று படித்தார். பையிலிருந்து பென்சிலை எடுத்தார். என் வயதைப் பற்றி எழுதியிருந்ததை அடித்தார். நான் பட்ட அவமானத்தை விளக்கியிருந்த பத்தியை முழுவதும் அடித்தார். மன வேதனை என்று எழுதியிருந்த இடத்தையும் விடவில்லை.

"இதெல்லாம் உங்களைப் பத்தி சார். எனக்கு என்னைப் பத்தி இருக்கறது மட்டும் போதுங்க."

அடித்ததெல்லாம் போக ஏழு வரி மிஞ்சியது. திருத்தியதைத் திரும்ப எழுதிக்கொண்டு போனேன். மறுநாளும் படித்தார். இன்னும் ஒரு வரியை அடித்தார். மூன்றாம் முறை எழுதிக்கொண்டு போனபோதுதான் ஏற்றுக்கொண்டார்.

"கீழ கையெழுத்து போட்டு, நீங்க பாத்த உத்தியோகத்தையும் எழுதுங்க. அது வேணுங்க. இல்லாட்டி நம்ப மாட்டாரு."

எழுதினேன். என் பதவியின் முழுப்பெயரையும், ஓய்வு என்ற சொல்லோடு.

இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் காத்திருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கினார். என்னைப் பார்த்துவிட்டு நின்றார்.

"படிச்சாருங்க. ரெண்டு வாட்டி. ஒன்னும் சொல்லல. ஆனா இங்கிலீசுன்னு இப்ப கூப்புடறதில்ல."

"நீங்க எழுதறீங்களாம்மா?"

"இல்லீங்க சார்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "அந்தப் பச்சை மை நோட்டை ரெண்டு தரம் எடுத்துப் பாத்தேன். நீங்க சரின்னு போட்டிருக்கறதும் உங்க கையெழுத்துதானே. அன்னைக்குத் தப்புன்னு போட்டதும் அதே கையெழுத்து. எதை நம்பறதுன்னு மூடி வெச்சுட்டேன்."

இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு நான் அங்கே போய் நிற்கவில்லை. நிற்பதும் அவருக்குத் தொந்தரவுதான்.

போன மாதம் ஓய்வூதியத்துக்கான ஆயுள் சான்று நகல் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் நகல் எடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்த லெட்டர் நீங்க எழுதுனதுங்களா சார்? ஒரு அம்மா வந்து லேமினேசன் போட்டாங்க. ரெண்டு காப்பி. ஒன்னு வூட்டுக்கு, ஒன்னு கம்பெனியில அவங்க பெட்டியில வெக்கறதுக்குன்னாங்க. சூடு பண்றப்போ கண்ணுல பட்டுது."

"நான் எழுதினதுதான்."

"அதுல இருக்கறதெல்லாம் நெசங்களா?"

"நெசம்."

"சரிங்க" என்றார்.

பக்கத்தில் ஒரு பெண் ஆங்கில விண்ணப்பம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் நின்றிருந்தார். கடைக்காரர் என் நகலை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "இப்படிக் குடுங்கம்மா" என்று விண்ணப்பத்தை வாங்கி, மேசை டிராயரில் தேடிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினார். இரண்டாவது கட்டத்தில் தடுக்கி நின்றார். எனக்கு அந்தச் சொல் தெரியும். அவர் என் பக்கம் திரும்பவில்லை. நான் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.